விற்பனையை இரட்டிப்பாக்கிய சிஇஓ ஏன் வெளியேறினார்? ஹோம் டிப்போ கதையும் ஒரு குழாய்க் கணக்கும்

போன வருஷம் எங்கள் வீட்டு சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. எவ்வளவு இறுக்கி மூடினாலும் நிற்கவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு தெருமுனை ஹார்டுவேர் கடைக்குப் போனேன். இதே மாதிரி புதுசு ஒன்று வாங்கிவிடலாம் என்பதுதான் திட்டம். கடைக்காரர் குழாயைக் கையில் வாங்கி, கைப்பிடியை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

"குழாய் நல்லாதான் இருக்கு சார். ஸ்பிண்டில்தான் போயிருக்கு. அதை மட்டும் மாத்துங்க, போதும்."

நூற்று இருபது ரூபாய். கூடவே ஒரு டெஃப்லான் டேப்பையும் எடுத்து வைத்து, எந்தப் பக்கமாகச் சுற்றணும் என்றும் காட்டினார். "மரை போற திசையிலயே சுத்துங்க. எதிர்ப்பக்கம் சுத்துனா மாட்டும்போது உருவிக்கிட்டு வந்துடும்."

புதுக் குழாயை என் தலையில் கட்டியிருந்தால் அவருக்கு ஏழெட்டு மடங்கு வியாபாரம் ஆகியிருக்கும். எக்செல் ஷீட் போட்டுப் பார்த்தால் அந்தச் சனிக்கிழமை அவருக்கு நஷ்டம்தான். ஆனால் அதற்கப்புறம் பாத்ரூம் ஷவர், பால்கனி லைட், ஒரு டப்பா வால் புட்டி என எல்லாவற்றுக்கும் நான் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறேன். ஆன்லைனில் ஐம்பது ரூபாய் குறைவாகக் கிடைக்கும் என்று தெரிந்தும்தான்.

இதே கணக்கில்தான், பல லட்சம் மடங்கு பெரிய அளவில், அமெரிக்காவின் ஹோம் டிப்போ ஒருமுறை சறுக்கியது. பிறகு எழுந்து நின்றது. எம்பிஏ வகுப்புகளில் 'கலாச்சார மாற்றம்' என்ற தலைப்பில் இதைப் பாடமாக நடத்துகிறார்கள். எனக்கு அந்தத் தலைப்பு கொஞ்சம் பூசி மெழுகியது போலத் தெரிகிறது. கடையில் நிற்கும் ஆளின் சம்பளத்தைச் செலவு என்று எழுதுவதா, சரக்கு என்று எழுதுவதா? கதையின் மொத்தச் சிக்கலும் இந்தக் கேள்விதான்.

வேலை போன இரண்டு பேர்

1978. பெர்னி மார்கஸ், ஆர்தர் பிளாங்க் என்ற இருவரும் ஹேண்டி டேன் என்ற வீட்டுச் சாமான் கடைச் சங்கிலியில் உயர் பதவியில் இருந்தார்கள். மேலிடத்தோடு மோதல், ஒரே நாளில் இருவருக்கும் வேலை போனது. மார்கஸுக்கு அப்போது வயது 49. கென் லாங்கோன் என்ற முதலீட்டு வங்கியாளர் பணம் திரட்டித் தர முன்வந்தார். தொழிலதிபர் ராஸ் பெரோவிடமும் பேச்சு நடந்தது. பெரும்பங்கைத் தருவதாகவும் முடிவானது. மார்கஸ் ஓட்டிக்கொண்டிருந்த பழைய காடிலாக் காரை பெரோ ஒப்புக்கொள்ளாததில் அந்த ஒப்பந்தம் முறிந்தது என்று நிறுவனர்களே எழுதியிருக்கிறார்கள். கார் விஷயத்திலேயே மூக்கை நுழைக்கிறவர் நாளைக்குக் கடை விஷயத்தில் என்ன செய்வார் என்று மார்கஸ் யோசித்தாராம். நல்ல யோசனைதான்.

1979 ஜூன் 22 அன்று அட்லாண்டாவில் முதல் இரண்டு கடைகள் திறந்தன. பெரிய கிடங்கு மாதிரிக் கடை. அலமாரி நிறைய அடுக்கச் சரக்கு வாங்கப் பணம் போதவில்லை. அதனால் காலி அட்டைப்பெட்டிகளையும் காலி பெயின்ட் டப்பாக்களையும் உயரத்தில் அடுக்கி, கடை நிரம்பியிருப்பது போலக் காட்டினார்கள். திறப்பு நாளில் தங்கள் பிள்ளைகளை வாசலில் நிற்க வைத்து, உள்ளே வருகிறவர்களுக்கு ஒரு டாலர் நோட்டு கொடுக்கச் சொன்னார்கள். அப்படியும் கூட்டம் சேரவில்லை.

பிறகு எப்படி ஜெயித்தார்கள்? விலை குறைவு, சரக்கு அதிகம். இதெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியது. அவர்கள் செய்த இன்னொரு காரியத்தைக் காப்பி அடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. பிளம்பராக, எலக்ட்ரீஷியனாக, தச்சராக வேலை பார்த்த அனுபவசாலிகளைக் கடைக்குள் முழுநேர ஊழியர்களாக எடுத்தார்கள். ஆரஞ்சு நிற ஏப்ரன், அதில் மார்க்கர் பேனாவால் கையால் எழுதிய பெயர். வாடிக்கையாளர் தேவையில்லாமல் பெரிய பொருளைக் கேட்டால் சின்னதைக் காட்டு, அவர் வேலையை முடிக்கக் கற்றுக்கொடு. இதுதான் பயிற்சி. ஊழியர்களுக்குப் பங்குகளும் கிடைத்தன. அதனால் பணக்காரர் ஆன சாதாரண கடை ஊழியர்கள் பலர் உண்டு.

இதை அவர்கள் ஒரு படமாகவே வரைந்து வைத்திருந்தார்கள். தலைகீழ் பிரமிடு. மேலே வாடிக்கையாளர், அடுத்து கடை ஊழியர், எல்லாவற்றுக்கும் கீழே, கூர்முனையில், சிஇஓ.

ஜெனரல் எலெக்ட்ரிக்கிலிருந்து வந்தவர்

2000ஆம் ஆண்டு. ஹோம் டிப்போவுக்கு அப்போது சுமார் 1,100 கடைகள், ஆண்டு விற்பனை ஏறக்குறைய 4,570 கோடி டாலர். வளர்ந்த வேகத்துக்கு நிர்வாகம் வளரவில்லை. ஒவ்வொரு பிராந்தியமும் தனித்தனியாகக் கொள்முதல் செய்தது. ஒரே சுத்தியலை ஒரே கம்பெனியிடம் வேறு வேறு விலைக்கு வாங்கினார்கள். எல்லாக் கடைகளுக்கும் ஒரே நேரத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பக்கூட வசதி இல்லை என்று அந்தக் காலத்தைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அந்த டிசம்பரில் ராபர்ட் நார்டெல்லி வந்தார். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஜாக் வெல்ஷுக்கு அடுத்து யார் என்ற போட்டியில் ஜெஃப் இம்மெல்ட்டிடம் தோற்றவர். மின் உற்பத்தி இயந்திரங்கள் செய்யும் பிரிவை நடத்தியவர். சில்லறை வியாபாரத்தில் முன் அனுபவம் கிடையாது.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. கொள்முதலை அட்லாண்டாவில் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார். கணினி அமைப்புகளில் பணத்தைக் கொட்டினார். தானே பில் போட்டுக்கொள்ளும் கவுண்ட்டர்கள் வந்தன. சிக்ஸ் சிக்மா வந்தது. ராணுவத்திலிருந்து வந்தவர்கள் கடை மேலாளர் பயிற்சிக்கு எடுக்கப்பட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு அளவுகோல், ஒவ்வொரு அளவுகோலுக்கும் ஒரு வாராந்திர கான்ஃபரன்ஸ் கால்.

எண்களைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். 2005இல் விற்பனை 8,150 கோடி டாலர். அடுத்த ஆண்டு 9,000 கோடியைத் தாண்டியது. ஆறு ஆண்டுகளில் ஏறக்குறைய இரட்டிப்பு. லாபமும் இரட்டிப்பு. கடைகள் 2,100க்கு மேல். எந்த அப்ரைசலிலும் 'எதிர்பார்ப்பைத் தாண்டினார்' என்று டிக் அடிக்க வேண்டிய ஆள்.

ஆனால் பங்கு விலை? அவர் வந்தபோது சுமார் 40 டாலர். அவர் போனபோதும் சுமார் 40 டாலர். அதே ஆண்டுகளில் போட்டியாளரான லோஸ் நிறுவனத்தின் பங்கு நன்றாக ஏறியது. பிரகாசமான விளக்கு, அகலமான நடைபாதை, பெண்கள் தயங்காமல் நுழைந்து கேள்வி கேட்கக்கூடிய சூழல் என்று லோஸ் தன் பாட்டுக்கு முன்னேறிக்கொண்டிருந்தது.

சந்தை ஏன் நம்பவில்லை? இரண்டு காரணம் எனக்குத் தெரிகிறது. ஒன்று, அந்த வளர்ச்சி எங்கிருந்து வந்தது என்பது. கடைகள் எண்ணிக்கையில் இரட்டிப்பானால் விற்பனை இரட்டிப்பாவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அதோடு அது அமெரிக்காவில் வீட்டுக் கடன் வெள்ளமாகப் பாய்ந்த காலம். எல்லோரும் வீடு வாங்கினார்கள், விற்றார்கள், இடித்துக் கட்டினார்கள். காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது சைக்கிள் வேகமாகப் போனால் காலுக்குப் பலம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே திறந்திருக்கும் கடைகளில் விற்பனை எவ்வளவு கூடியது என்பதுதான் சில்லறை வியாபாரத்தில் நிஜமான நாடித்துடிப்பு. 2006இல் அந்த எண்ணை வெளியிடுவதையே நிறுத்தப்போவதாக நிறுவனம் அறிவித்தது. முதலீட்டாளர்கள் கொதித்தார்கள். நாடி பார்க்க வேண்டாம் என்று நோயாளியே சொன்னால் டாக்டருக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்?

இரண்டாவது காரணம் கடைக்குள் இருந்தது. சம்பளச் செலவைக் குறைக்க பகுதிநேர ஊழியர்களின் பங்கு கூட்டப்பட்டது. அனுபவசாலிகள் ஒவ்வொருவராக விலகினார்கள். 35 வருஷம் பைப் வேலை பார்த்தவர் நின்ற இடத்தில், எந்தப் பொருள் எந்த வரிசையில் இருக்கிறது என்று மட்டும் தெரிந்த ஒருவர் நின்றார். சில வரிசைகளில் அதுவும் இல்லை. அமெரிக்க வாடிக்கையாளர் திருப்திக் குறியீட்டில் 2005ஆம் ஆண்டு, பெரிய சில்லறை நிறுவனங்களில் ஹோம் டிப்போ கடைசி இடத்துக்குப் போனது.

2006 மே மாதம் பங்குதாரர்களின் ஆண்டுக் கூட்டம். இயக்குநர் குழுவில் நார்டெல்லியைத் தவிர யாருமே வரவில்லை. கேள்வி கேட்பவர்களுக்குக் கடிகாரம் வைத்து நேரம் அளந்தார்கள். சுமார் அரை மணி நேரத்தில் கூட்டம் முடிந்தது. வாடிக்கையாளருக்குக் கடையில் கிடைத்த அனுபவம் அன்றைக்கு முதலாளிகளுக்கே கிடைத்தது என்று சொல்லலாம். 2007 ஜனவரி 3 அன்று நார்டெல்லி விலகினார். வெளியேறும்போது அவருக்குக் கிடைத்த தொகுப்பு 21 கோடி டாலர். அது தனிக் கோபத்தைக் கிளப்பியது.

அவர் செய்தது எல்லாமே தப்பா?

இங்கேதான் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் குறுக்கு வழியில் போய்விடுகிறார்கள். நார்டெல்லி வில்லன், அடுத்து வந்தவர் ஹீரோ என்று. சினிமாவுக்குச் சரி. நிஜம் அப்படி இல்லை.

மத்தியக் கொள்முதலை அடுத்து வந்தவர் கலைக்கவில்லை. கணினி அமைப்புகளைத் தூக்கி எறியவில்லை. அந்த அடித்தளம் இல்லாமல் இன்றைய ஹோம் டிப்போவின் ஆன்லைன் வியாபாரத்தை நினைத்தே பார்க்க முடியாது. ஒப்பந்தக்காரர்களுக்கு மொத்தமாகச் சப்ளை செய்யும் தொழிலில் இறங்கணும் என்று ஹியூஸ் சப்ளை உள்ளிட்ட பல நிறுவனங்களை நார்டெல்லி வாங்கினார். 'எச்டி சப்ளை' என்ற பெயரில் இயங்கிய அந்தப் பிரிவை 2007இல் சுமார் 850 கோடி டாலருக்கு விற்றுவிட்டார்கள். சுவாரசியம் என்னவென்றால், அதில் எஞ்சியிருந்த பராமரிப்புப் பொருள் வியாபாரத்தை 2020இல் சுமார் 800 கோடி டாலருக்குத் திரும்ப வாங்கினார்கள். 2024இல் கூரைப் பொருட்கள் விநியோகிக்கும் எஸ்ஆர்எஸ் நிறுவனத்தை 1,825 கோடி டாலர் மதிப்பில் வாங்கினார்கள். அதாவது, நார்டெல்லி கை காட்டிய திசை தப்பில்லை. காலம்தான் ஒத்துழைக்கவில்லை, கூடவே, வீட்டு வேலையைச் சரியாக முடிக்காமல் வெளிவேலைக்குப் போனார்.

அவருடைய தவறு என்று நான் நினைப்பது வேறு. டர்பைன் தொழிற்சாலையில் ஒரு மணி நேர உழைப்பைக் குறைத்தால் அது நேரடி மிச்சம். டர்பைன் அதே டர்பைன்தான். கடையில் அப்படி இல்லை. அங்கே ஊழியரின் அறிவு விற்கப்படும் பொருளுக்குள்ளேயே இருக்கிறது. குழாய் வாங்க வந்தவருக்கு ஸ்பேனர் வேண்டும், டேப் வேண்டும், சில சமயம் பழைய பைப்பையே மாற்ற வேண்டும். அதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லையென்றால் அவர் குழாயை மட்டும் வாங்கிப் போவார், வீட்டில் போய் மாட்டாது, கோபத்தோடு திருப்பிக் கொடுப்பார். இன்னும் மோசம், 'இது நம்மால ஆகாது' என்று முடிவு கட்டி அடுத்த பத்து வருஷத்துக்கு எந்த வேலையையும் தானே செய்ய முயல மாட்டார். இந்த இழப்பு எந்த டாஷ்போர்டிலும் சிவப்பாக மின்னாது. மிச்சம் பிடித்த சம்பளம் மட்டும் இந்தக் காலாண்டே பச்சையாகத் தெரியும்.

நீங்கள் ஐடி கம்பெனியில் இருந்தாலும் சரி, மருத்துவமனை நிர்வாகத்தில் இருந்தாலும் சரி, இந்தப் பச்சையைப் பார்த்திருப்பீர்கள். சீனியர் ஒருவர் போனதும் அந்த புராஜெக்ட்டின் மார்ஜின் திடீரென அழகாகிவிடும். ஆறு மாசம் கழித்து என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

கடைசியில் நின்றவர்

ஃபிராங்க் பிளேக்கும் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆள்தான். வக்கீல். அமெரிக்க எரிசக்தித் துறையில் துணைச் செயலராக இருந்தவர். 2002இல் நார்டெல்லிதான் அவரைக் கூட்டிவந்தார். கடை நடத்திய அனுபவம் அவருக்கும் இல்லை. அப்படியானால் 'வெளியாள் வந்ததுதான் பிரச்சினை' என்ற வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

பொறுப்பேற்றதும் நிறுவனர்கள் எழுதிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஊழியர்கள் முன் பேசினார். தலைகீழ் பிரமிடைத் திரும்பக் கொண்டுவந்தார். மார்கஸையும் பிளாங்கையும் கூப்பிட்டு யோசனை கேட்டார். இதெல்லாம் அடையாளச் செயல்கள். எந்தப் புது சிஇஓவும் செய்யக்கூடியது. அவற்றுக்குப் பின்னால் பணம் நின்றதா என்பதுதான் கேள்வி. நின்றது. உரிமம் பெற்ற பிளம்பர்களையும் எலக்ட்ரீஷியன்களையும் மறுபடி கடைக்குள் கொண்டுவர ஏற்பாடு செய்தார். கடை லாபத்தில் மணிக்கூலி ஊழியர்களுக்குப் பங்கு தரும் போனஸுக்கு அழுத்தம் கொடுத்தார். அவருடைய சொந்தச் சம்பளத் தொகுப்பு முன்னவருடையதைவிட மிகவும் சிறியது, அதுவும் பெரும்பாலும் நிறுவனத்தின் செயல்பாட்டோடு கட்டப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, நல்ல சேவை செய்ததாகத் தகவல் வந்த ஊழியர்களுக்குக் கைப்பட நன்றிக் குறிப்பு எழுதுவார். வாரத்துக்கு ஒன்றிரண்டு என்று நினைத்துவிடாதீர்கள், கட்டுக்கட்டாக.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். இதே பிளேக்தான் 2008இல் 15 கடைகளை மூடினார். 2009 ஜனவரியில் எக்ஸ்போ என்ற ஆடம்பர உள்அலங்காரக் கடைகளை முழுவதுமாக மூடுவதாக அறிவித்தார்; மொத்தம் சுமார் 7,000 பேருக்கு வேலை போனது. நன்றிக் குறிப்பு எழுதியவரே அந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டார். வீட்டுச் சந்தை நொறுங்கிக் கிடந்தது. 2007இல் சுமார் 7,700 கோடி டாலராக இருந்த விற்பனை 2009இல் 6,600 கோடிக்கு வந்துவிட்டது.

அந்த நேரத்தில் அவர் எடுத்த முடிவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. புதுக் கடை திறப்பதை ஏறக்குறைய நிறுத்தினார். இருக்கும் கடைகளைச் சரி செய்வோம் என்றார். வளர்ச்சி என்றாலே கிளை திறப்பது என்று பழகிப்போன தொழிலில் இதைச் சொல்வது சுலபமில்லை. நம் ஊரிலும் பாருங்கள், ஒரு பிரியாணிக் கடை நன்றாக ஓடினால் அடுத்த வருஷமே ஆறு கிளை. அதற்கடுத்த வருஷம் முதல் கடையிலேயே ருசி இருக்காது.

2014இல் பிளேக் விலகியபோது பங்கு விலை 90 டாலரைத் தொட்டிருந்தது. போகிற நேரத்தில் 5 கோடியே 60 லட்சம் வாடிக்கையாளர்களின் கார்டு விவரங்கள் திருடு போன பெரிய இடியும் விழுந்தது. அதை மறைக்காமல், வேறு யார் தலையிலும் கட்டாமல், நிறுவனத்தின் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டு வாடிக்கையாளர்களிடம் பேசினார். பிளேக்குக்கு அதிர்ஷ்டமும் இருந்தது என்பதை மறுக்க முடியாது. 2012க்குப் பிறகு வீட்டுச் சந்தை மெல்ல மீண்டது. ஆனால் அதே காற்று லோஸ் மீதும்தான் அடித்தது. அந்த ஆண்டுகளில் கடைக்குக் கடை விற்பனையில் முந்தியது பெரும்பாலும் ஹோம் டிப்போதான். அதன் அமெரிக்கக் கடைகளை அப்போது நடத்திவந்த மார்வின் எலிசனை 2018இல் லோஸ் தன் சிஇஓ ஆக்கியது. டார்கெட் கடையில் பகுதிநேரக் காவலாளியாகத் தொழில் வாழ்க்கையைத் தொடங்கிய மனிதர் அவர்.

ஆஸ்திரேலியாவில் ஹீட்டர், லண்டனில் பார்பெக்யூ

சரி, நல்ல ஃபார்முலா கையில் இருந்தால் எங்கேயும் ஜெயிக்கலாமா?

ஆஸ்திரேலியாவில் இந்தத் தொழிலின் ராஜா பன்னிங்ஸ். வார இறுதியில் வாசலில் சாசேஜ் சுட்டு உள்ளூர் சங்கங்களுக்கு நிதி திரட்டும் அளவுக்கு ஊரோடு கலந்த கடை. அதை வீழ்த்த அங்குள்ள வுல்வொர்த்ஸ் நிறுவனம் லோஸுடன் கூட்டு சேர்ந்து 'மாஸ்டர்ஸ்' என்ற சங்கிலியை 2011இல் திறந்தது. பூமியின் தென்பாதியில் பருவம் தலைகீழ். அமெரிக்க நாட்காட்டியை ஒட்டிச் சரக்கு வந்ததில், கோடைகாலத்தில் அலமாரியில் ஹீட்டர் இருந்தது என்று அப்போது செய்திகள் வந்தன. 2016 ஜனவரியில் வெளியேறுவதாக அறிவித்தார்கள். நஷ்டம் பில்லியன் கணக்கில்.

சிரிக்காதீர்கள், அடுத்த காட்சி இருக்கிறது. அதே 2016இல் பன்னிங்ஸின் தாய் நிறுவனம் வெஸ்ஃபார்மர்ஸ், பிரிட்டனின் ஹோம்பேஸ் கடைகளை 34 கோடி பவுண்டுக்கு வாங்கியது. வந்த வேகத்தில் ஹோம்பேஸின் உயர் நிர்வாகிகளை அனுப்பிவிட்டார்கள். திரைச்சீலை, மெத்தை உறை போன்ற மென்பொருட்களைக் குறைத்து, ஆஸ்திரேலியா பாணியில் கருவிகளும் பார்பெக்யூ அடுப்புகளுமாக நிரப்பினார்கள். ஹோம்பேஸின் வாடிக்கையாளர்களில் பலர் அந்தத் திரைச்சீலைக்காகவே வந்துகொண்டிருந்தவர்கள். 2018இல் மொத்தச் சங்கிலியும் ஒரு பவுண்டுக்கு விற்கப்பட்டது. ஆமாம், ஒரே ஒரு பவுண்டு. எதிரி தன் ஊரில் செய்த தப்பைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போய், அதையே அடுத்தவர் ஊரில் செய்தார்கள்.

அனுப்பப்பட்ட அந்த ஹோம்பேஸ் நிர்வாகிகளும், ஹோம் டிப்போவை விட்டுப் போன அந்த பிளம்பர்களும் எனக்கு ஒரே வரிசையில் தெரிகிறார்கள்.

நம்ம ஊரில் இது ஏன் இல்லை?

ஹோம் டிப்போவே ஒரு இடத்தில் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டது. 2006இல் சீனாவில் ஒரு உள்ளூர் நிறுவனத்தின் 12 கடைகளை வாங்கியது. 2012இல் மிச்சமிருந்த ஏழு பெரிய கடைகளையும் மூடியது. அங்கே கூலி மலிவு. புது ஃபிளாட் வாங்கியவர் வேலைக்கு ஆள் வைப்பாரே தவிர, தானே டைல்ஸ் ஒட்ட மாட்டார்.

இந்தியாவில் நிலைமை கிட்டத்தட்ட அதேதான். குழாய், டைல்ஸ், ஒயர் எல்லாவற்றையும் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பவர் வீட்டுக்காரர் இல்லை. மேஸ்திரி, பிளம்பர், எலக்ட்ரீஷியன். "இந்த பிராண்டே போட்டுடுங்க சார், கம்ப்ளெய்ன்ட் வராது" என்று அவர் சொன்னால் நாம் தலையாட்டுவோம். கடைக்காரருக்கும் அவருக்கும் உள்ள கணக்கு வழக்கு தனி. அதனால் இங்கே வாடிக்கையாளர் யார் என்ற முதல் கேள்விக்கே பதில் வேறு. ஐக்கியா 2018இல் ஹைதராபாத்தில் கடை திறந்தபோது, வாங்குபவரே பூட்டிக்கொள்ள வேண்டும் என்ற தன் உலகப் புகழ் விதியை இங்கே அப்படியே நம்பவில்லை. வீட்டுக்கு வந்து பூட்டித்தர, அர்பன்கிளாப் என்று அப்போது அழைக்கப்பட்ட நிறுவனத்தோடு ஏற்பாடு செய்துகொண்டது. பன்னிங்ஸ் லண்டனில் செய்யத் தவறியதை ஐக்கியா ஹைதராபாத்தில் செய்தது.

அமெரிக்கக் கடைகளும் இப்போது இந்தப் பக்கம்தான் நகர்கின்றன என்பது வேடிக்கை. ஹோம் டிப்போவின் விற்பனையில் சுமார் பாதி தொழில்முறை ஒப்பந்தக்காரர்களிடமிருந்து வருகிறது. எஸ்ஆர்எஸ்ஸை வாங்கியது அதற்காகத்தான். லோஸும் அதே பந்தயத்தில் இறங்கி, கட்டுமானப் பொருள் விநியோக நிறுவனங்களை வாங்குகிறது. மேஸ்திரியைப் பிடித்தால் வீட்டைப் பிடிக்கலாம் என்பது நம் தெருமுனைக் கடைக்காரருக்கு என்றைக்கோ தெரிந்த விஷயம்.

ஏப்ரனுக்குள் ஏஐ

2025 மார்ச்சில் லோஸ் 'மைலோ' என்ற ஏஐ ஆலோசகரை வெளியிட்டது, ஓப்பன்ஏஐ தொழில்நுட்பம். அதே மாதம் ஹோம் டிப்போ 'மேஜிக் ஏப்ரன்' கொண்டுவந்தது. பெயரைப் பாருங்கள், ஏப்ரன்! பிறகு கடை ஊழியர்களின் கையில் இருக்கும் கருவியிலும் ஏஐ உதவியாளரை லோஸ் கொடுத்தது. பெங்களூரில் லோஸுக்குப் பெரிய தொழில்நுட்ப மையம் இருக்கிறது. இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கோ உங்கள் நண்பர்களுக்கோ அந்த நிறுவனத்தோடு வேலைத் தொடர்பும் இருக்கலாம்.

எனக்கு ஏஐ மீது கோபம் எதுவும் இல்லை. முதல் வாரம் வேலைக்கு வந்த பையனிடம், "ரெண்டு வருஷமா சுவர் ஈரம் காயல, என்ன பெயின்ட் அடிக்கிறது?" என்று ஒருவர் கேட்டால், அவன் கைக்கருவியைப் பார்த்து, "முதல்ல கசிவை அடைக்கணும், பெயின்ட் அப்புறம்" என்று சொல்ல முடிந்தால் நல்லதுதானே. அந்தப் பையன் ஆறு மாதத்தில் கருவி இல்லாமலே சொல்லக் கற்றுக்கொள்வான்.

கவலை அடுத்த கட்டத்தைப் பற்றி. 'அறிவு இப்போது சாஃப்ட்வேரில் இருக்கிறது, அப்புறம் அனுபவசாலிக்கு எதற்கு அதிகச் சம்பளம்?' என்று யாரோ ஒருவர் பிரசன்டேஷனில் ஒரு ஸ்லைடு போடுவார். இந்த முறை சிக்ஸ் சிக்மா என்ற பெயர் இருக்காது, அவ்வளவுதான். அந்தக் கருவிக்குக் குழாயைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்க முடியாது. போட்டோ எடுத்து அனுப்பினால் இதே மாதிரிப் புதுக் குழாய் எந்த வரிசையில் இருக்கிறது என்று துல்லியமாகச் சொல்லும். ஸ்பிண்டில் மட்டும் போதும் என்று சொல்லுமா? அதைச் சொல்ல வைப்பதும் வைக்காததும் அதற்கு என்ன இலக்கு கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இலக்கை எழுதுகிறவர் யார், அவர் கடைக்குள் எத்தனை நாள் நின்றிருக்கிறார்?

2023 பிப்ரவரியில் ஹோம் டிப்போ, மணிக்கூலி ஊழியர்களின் சம்பள உயர்வுக்காக ஆண்டுக்கு 100 கோடி டாலர் கூடுதலாக ஒதுக்குவதாக அறிவித்தது. அன்றைக்கு அதன் பங்கு விலை சரிந்தது. விற்பனை முன்கணிப்பும் மந்தமாக இருந்தது என்பதால் பழி முழுவதையும் சம்பளத்தின் மேல் போட முடியாது. ஆனால் 'லாபம் குறையும்' என்று எழுதிய ஆய்வாளர்கள் அதைத்தான் முதலில் சுட்டிக் காட்டினார்கள். அடுத்த முறை வீட்டுச் சந்தை நன்றாகத் தொய்வடையும்போது இந்த இரண்டு நிறுவனங்களின் காலாண்டு அறிக்கைகளில் நான் ஏஐ பற்றிய பக்கத்தைத் தேட மாட்டேன். கடை ஊழியர்களுக்கான செலவு விற்பனையில் எத்தனை சதவீதம் என்ற வரியைத்தான் முதலில் பார்ப்பேன்.